சேருமுன் சென்று காணல்

ஒரு வயலைக் குத்தகைக்கு எடுக்க நினைப்பவர் அதைப் போய்ப் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. வரம்பு வழியே நடப்பார். வாய்க்காலில் நீர் எப்பக்கமாக வருகிறது என்று நோக்குவார். சென்ற போகத்தில் அங்கு என்ன விளைந்தது என்று வட்டவிதானையாரிடம் விசாரிப்பார். இது மட்டக்களப்பு நாட்டில் எழுத்தறியாத முதியவர்க்கும் இயல்பாக அமைந்த அறிவு. ஆயின் தம் பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகளைக் கழிக்கப்போகும் உயர்கல்விக் கூடத்தை அவ்வாறே முன்கூட்டிப் போய்ப் பார்த்துவரும் வழக்கம் இப்பகுதியில் இன்னும் வேரூன்றவில்லை. தெரிவு செய்யப்பட்ட செய்தி வந்தபின், பெட்டியும் படுக்கையுமாகப் பதிவுக்குச் செல்லும் நாளே பெரும்பாலான குடும்பங்கள் பல்கலைக்கழக வாயிலை முதன்முதலாகக் காணும் நாளாக இருக்கின்றது.

அவ்வழக்கம் ஏன் வேண்டும், அப்பயணத்தில் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பனவே இங்கு விளக்கப்படுவன. கலைத்துறையிற் கற்க விரும்புவோர்க்கே இது பெரிதும் பொருந்தும். மருத்துவம் கற்கச் செல்பவர் என்ன கற்கப்போகிறார் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கலைத்துறைக்குச் செல்பவரோ எந்தப் பாடங்களை, எந்தச் சேர்க்கையில், யாரிடம் கற்கப்போகிறார் என்பதை அவ்விடத்துக்குப் போனாலன்றி அறிவது அரிது.

அமெரிக்க நாட்டிலே தாராண்மைக் கலைக் கல்லூரி என்று ஒருவகைக் கல்லூரி உண்டு. அங்கே மாணவர் தொகை சிறிது. தொழிற்பயிற்சி முதல் நோக்கமன்று. இலக்கியம், வரலாறு, மெய்யியல், கணிதம், விஞ்ஞானம், இசை ஆகியவற்றுட் பலவற்றை எல்லா மாணவரும் சிறிது சிறிதாகவேனும் கற்றபின்னரே ஒன்றில் ஆழ இறங்குவர். 'லிபெர்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுதந்திரன் என்பது பொருள். அடிமையல்லாத, தன் காரியத்தைத் தானே சிந்தித்துத் தீர்மானிக்கவேண்டிய மனிதனுக்கு உரிய கல்வி இது என்று பழைய ரோமர் கருதினர். இலக்கணம், தருக்கம், சொல்லணி, எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானசாத்திரம் என அக்கலைகளை ஏழாக வகுப்பது மத்தியகால ஐரோப்பிய மரபு. எண்கணிதமும் வானசாத்திரமும் 'கலை' என்ற பெயரின்கீழ் இருந்ததை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

அவ்வகைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன் மாணவர் பெற்றோருடன் அங்கே போவர். அங்கு கற்கும் மாணவர் ஒருவர் வளவெங்கும் அழைத்துச் சென்று காட்டுவார். புதியவர் ஒரு வகுப்பிலே உட்கார்ந்து கேட்கலாம். சில இடங்களில் விடுதியில் ஓரிரவு தங்கவும் செய்யலாம். கல்லூரியாரும் மாணவரை நேரிற் கண்டு பேசுவதுண்டு. மாணவர் கல்லூரியை நிறுக்கின்றார். கல்லூரியும் மாணவரை நிறுக்கின்றது.

இலங்கையில் நிலைமை வேறு. அரச பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிவு செய்வது அப்பல்கலைக்கழகம் அன்று. கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் மூன்று பாடப் பெறுபேறுகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியே அளவுகோல். ஒரு பாடத்திற் பரீட்சை எழுதியோர் எல்லோரும் பெற்ற சராசரிப் புள்ளியிலிருந்து இம்மாணவர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கின்றார் என்பதை, அப்பாடத்தின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதோடு ஒப்பிட்டுக் கணிப்பதே இசட் புள்ளி. இலகுவான பாடத்தில் 70 பெற்றவரும் கடினமான பாடத்தில் 60 பெற்றவரும் ஒரே தராசில் நிற்பதற்காக வந்த முறை இது. பல கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களின் குடித்தொகைப்படியும், 5 சதவீத இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. எந்தக் கற்கைநெறிக்கு எந்த முறை என்பதை ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் அவ்வவ்வாண்டுக்கே பார்த்துக்கொள்ளவேண்டும். சென்ற ஆண்டு அயல்வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததை வைத்து இவ்வாண்டைக் கணித்தல் ஆகாது.

ஆகவே தந்தையார் வெள்ளைச் சட்டை உடுத்து, பீடாதிபதியைக் கண்டு வணங்கி, “என் பிள்ளைக்கு ஓரிடம் தாருங்கள்” என்று கேட்பதனால் ஆவது ஒன்றுமில்லை. அவர் கையில் இடம் இல்லை. அவ்வாறாயின் போய்ப் பார்ப்பதனால் யாது பயன் என்று கேட்கலாம். பயன் விண்ணப்பப் படிவத்தில் உள்ளது. பெறுபேறு வெளியானபின் நிரப்பப்படும் அப்படிவத்தில், தாம் விரும்பும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் மாணவர் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எழுதுகின்றார். அவர் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள் எது மேலே எழுதப்பட்டதோ அதுவே கிடைக்கும். வாழ்நாளில் அவருக்கு அரசு தரும் தெரிவு அந்த வரிசை ஒன்றே. அதனைத் தனியார் வகுப்பு ஆசிரியர் சொன்னபடியும், தோழி எழுதியதைப் பார்த்தும், தகவல் நிலையத்தில் தட்டச்சுச் செய்பவர் அவசரத்திற் கேட்டதற்குத் தலையாட்டியும் எழுதிவிடுகின்ற பிள்ளைகள் பலர்.

இனிப் படுவான்கரையைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை; மேற்கே வயலும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை. படுவான்கரையின் உட்கிராமங்களில் உயர்தர வகுப்புள்ள பாடசாலைகள் பல, கலையும் வர்த்தகமும் மட்டும் கற்பிப்பவை. அவற்றிலே விஞ்ஞானப் பிரிவு இல்லை. கணிதத்தில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளையாயினும் நகருக்குச் சென்று தங்கிப் படிக்க வசதியில்லையெனின் கலைப்பிரிவிலேயே சேருகின்றது. ‘ஒன்றுக்கும் இயலாதவர் கலை படிப்பர்’ என்று நகரத்திலே சொல்லப்படும் இழிசொல்லை அப்பிள்ளையும் கேட்டுத் தலைகுனிகின்றது. உண்மையில் அது எதையும் தேர்ந்தெடுக்கவுமில்லை, எதிலும் தோற்கவுமில்லை. கைக்கெட்டியது அது ஒன்றே. எனவே பல்கலைக்கழகம் பற்றிய தெரிவே அப்பிள்ளைக்கு வாய்க்கும் முதல் தெரிவு. அதனைக் கண்ணாற் கண்டு செய்யவேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய காரணம் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு தந்தையும் மகளும் அவ்வாறு புறப்படுகின்றனர் எனக் கொள்க. பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் கழியும் மாதங்களே இதற்கு ஏற்ற காலம். படிவம் நிரப்பும் வாரங்களில் மனம் பதறும், கண் காணாது. புறப்படுமுன் இரண்டு காரியங்கள் செய்தல் நன்று. பல்கலைக்கழகம் திறந்திருக்கின்றதா, விரிவுரைகள் நடைபெறுகின்றனவா என்று அங்கே கற்கும் யாரிடமேனும் கேட்டறிதல் ஒன்று. விடுமுறையும் பரீட்சைக்காலமும் வேலைநிறுத்தமும் ஊர்க் காலண்டரிற் குறிக்கப்படுவதில்லை. பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. வாயிற்காவலர் அந்நியரைத் தடுப்பது அவர் கடமை. கடிதம் இருந்தால் அவர்க்கும் இலகு.

முன்னாளில் மண்முனைத் துறையிலே ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்கவேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையிற் காத்திருக்கவேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் காத்திருப்பு நீங்கியது. பாலத்தைக் கடந்து கல்முனை வீதியை அடைந்து, ஆரையம்பதி, காத்தான்குடி வழியாக வடக்கே வந்தால் கல்லடி. நகருக்குள் நுழையுமுன் இங்கேயே ஒரு தரிப்பு வேண்டும். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இங்கேதான் இருக்கின்றது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது இந்நிறுவகம். கருநாடக இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை ஆகியவை இங்குப் பட்டப்படிப்புகள்.

மேலே கூறிய பொதுவிதிக்கு ஒரு விலக்கும் இத்துறையில் உண்டு. இசையும் நடனமும் நாடகமும் பயில விரும்புவோர்க்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சை ஒன்றுக்குத் தோற்றவேண்டும். கல்விக்கூடத்தார் மாணவரை நேரிற் கண்டு, பாடச்சொல்லி, ஆடச்சொல்லித் தீர்மானிக்கும் முறை இது. அதற்குரிய அறிவித்தல் தனியே வெளிவரும். இறுதித் திகதியும் வேறு. அத்திகதி கடந்தபின் திறமை இருந்தும் பயனில்லை. வருந்தத்தக்க விதமாக, இதனை அறியாது வாய்ப்பிழக்கும் பிள்ளைகள் நல்ல கூத்தாடிகளின் வீட்டிலிருந்தே வருகின்றனர்.

கூத்து என்றதும் ஒன்று சொல்லவேண்டும். படுவான்கரையில் வடமோடியும் தென்மோடியும் இன்றும் களரியில் ஆடப்படுகின்றன. அண்ணாவியார் மத்தளம் எடுத்தால் விடியும்வரை ஊர் உறங்காது. அத்தகைய ஊரிலிருந்து வந்த தந்தையார் இந்நிறுவக வாயிலில் நின்று, உள்ளே வடமோடித் தாளத்துக்கு மாணவர் அடிவைப்பதைக் கேட்டால், தாம் வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் பழகியதொன்று பட்டத்துக்குரிய பாடமாக இருக்கின்றது என்பதை அப்பொழுதுதான் அறிவார். இதுவும் தானாக வந்ததன்று. 1960களிலே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்து, சுருக்கிச் செம்மைப்படுத்தி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பல்கலைக்கழக மேடையேற்றினார். அவற்றில் மாணவராக நின்று ஆடிய மட்டக்களப்பினர் சி. மௌனகுரு, பின்னர் இப்பகுதிக் கூத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறைப் பேராசிரியராக விளங்கினார். களரியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வழி திறந்த வரலாறு இது. ஆடத் தெரிவது மட்டும் பட்டமாகாது என்பதையும் தந்தையார் உணரவேண்டும். மகள் அங்கே ஆடுவதோடு, கிரேக்க நாடகத்தையும் வங்காள அரங்கையும் யப்பானியரின் நோ நாடகத்தையும் படித்து, தம்மூர்க் கூத்தை அவற்றின் பக்கத்தில் வைத்து எழுதவும் கற்பாள்.

கல்லடி உப்போடையிலுள்ள சிவானந்த வித்தியாலய வளவில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கின்றது. அவ்வித்தியாலயத்தை 1929இல் நிறுவியவர் அவரே. நேரமிருந்தால் அங்கும் ஒரு முறை போகலாம், பக்திக்காக மட்டுமன்று. 1892இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலே கற்ற மயில்வாகனன், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் அரங்கேறிய அவருடைய யாழ்நூல், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுரத்தானங்களையும் ஆராய்வது. இலக்கிய அறிவு மட்டும் உள்ளவரால் அதை எழுதியிருக்க முடியாது. ஒலியின் கணிதம் மட்டும் அறிந்தவராலும் முடியாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் பௌதிகவியலையும் ஒரே மேசையில் விரித்துவைக்கக்கூடிய ஒருவரால் மட்டுமே முடிந்தது. தாராண்மைக் கல்வி என்றால் என்ன என்று மேல்நாட்டு உதாரணம் தேடவேண்டிய அவசியம் வாவிக்கரையினர்க்கு இல்லை.

இவ்வகைக் கல்வி ஈழத்துக்குப் புதியதுமன்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியேல் பூவர், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிற் பயின்றவர். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாத்திரமும், மெய்யியலும் அங்கே ஒருங்கு கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. எனினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டப் பரீட்சையிலே தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குக் கற்றவரே. தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகை முதலிய பழநூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியதைத் தமிழுலகம் அறியும். மட்டக்களப்பிலும் 1814இலேயே வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன் 1815இல் இங்கேயே காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிலிருந்தே கணக்கிடுகின்றது. பாடசாலை அவ்வளவு முந்தி வந்தும், பல்கலைக்கழகம் வருவதற்கு மேலும் 167 ஆண்டுகள் சென்றன.

கல்லடிப் பாலத்தைக் கடந்தால் நகர். 1924இல் கட்டப்பட்டு, தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயர் பூண்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் திறந்த புதிய பாலம் உள்ளது. இப்பாலத்தடியிலேதான் நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பர். தோணித் தண்டின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியிற் காதை வைத்துக் கேட்பது வழக்கம். 1954இல் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. விபுலானந்தரும் இந்நீரொலியை யாழ்நூலில் ‘நீரர மகளிர்’ எனப் பாட்டாக்கியிருக்கின்றார். தந்தையும் மகளும் பஸ்ஸில் இருந்து மீனைக் கேட்கப் போவதில்லை. நகரில் இறங்கித் திருகோணமலை வீதிப் பஸ்ஸில் ஏறவேண்டும்.

தன்னாமுனை, ஏறாவூர், பதுளை வீதி வந்து சேரும் செங்கலடி ஆகியவற்றைக் கடந்தால், நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் வந்தாறுமூலை. இங்கிருந்த மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் 1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் முதலில் வந்தன. கலை கலாசார பீடம் பின்னர் வந்தது.

இவ்வாயிலில் வந்து நிற்கும் தந்தையாரின் வயதினர் சிலர்க்கு உள்ளே செல்லக் கால் தயங்குவதுண்டு. அதற்குக் காரணம் உண்டு. 1990இல் போர் மூண்டபோது சுற்றுக் கிராமத்தார் பல்லாயிரவர் இவ்வளவிலே தஞ்சம் புகுந்திருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5இல் அவர்களுள் 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், திரும்பி வரவில்லை. இதனை மகளுக்குச் சொல்லவேண்டுமா என்று தயங்குவோர் உளர். சொல்லவேண்டும். அவள் வரலாறு கற்க வருகின்றாள். நான்காண்டுகள் நடக்கப்போகும் மண்ணின் வரலாற்றைத் தகப்பன் வாயால் அறிவதே முறை.

உள்ளே சென்றபின் கட்டடங்களைப் பார்த்து மயங்குதல் வேண்டாம். முதலிற் காணவேண்டியது நூலகம். எத்தனை நூல்கள் என்று கேட்பதிற் பொருளில்லை. காலை பத்து மணிக்கு எத்தனை பேர் வாசிக்கின்றனர், அவர்கள் கையில் இருப்பது நூலா, பிரதி செய்த குறிப்புத் தாளா என்று நோக்கினால் போதும். குறிப்புத் தாளை மனனஞ்செய்து தேறும் வழக்கம் உயர்தர வகுப்போடு ஒழியவேண்டியது. பல்கலைக்கழகத்திலும் அது தொடருமாயின் அப்பட்டத்தின் பெறுமதி தாளின் பெறுமதியே. அடுத்து ஆங்கிலம். விரிவுரை தமிழில் நடந்தாலும், புவியியலிலோ சமூகவியலிலோ மெய்யியலிலோ ஆழமான நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. முதலாண்டில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது, எத்தனை மாணவர் அவ்வகுப்புக்கு ஒழுங்காகச் செல்கின்றனர் என்று கேட்டறிதல் அவசியம்.

கேட்பதற்கு உரியவர் இரண்டாமாண்டு மாணவர். முதலாமாண்டினர்க்கு அனுபவம் போதாது. இறுதியாண்டினர் பரீட்சைக் கவலையில் இருப்பர். சிற்றுண்டிச்சாலையில் ஓர் அக்காவைக் கண்டு மகளே கேட்கட்டும். இங்கே பெரும்பாலான தந்தையர் ஒரு தவறு செய்கின்றனர். தாமே எல்லாவற்றையும் கேட்டு, தாமே விடையும் சொல்லி, பிள்ளையைப் பக்கத்திலே குடைபோல வைத்துக்கொள்கின்றனர். தந்தையார் தேநீர் ஒன்று வாங்கிக்கொண்டு வேறு மேசையில் இருப்பது உத்தமம். விடுதியில் இடம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கின்றது, மகாபொல புலமைப்பரிசில் மாதந்தோறும் வருகின்றதா, தாமதமாகின்றதா, பகிடிவதை உண்டா என்பனவற்றை ஒரு பெண்பிள்ளை மற்றொரு பெண்பிள்ளையிடம் தனியே கேட்டால் உண்மை வரும். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினாற் குற்றமாக்கப்பட்டது. சட்டம் இருக்கின்றது என்பதும் வழக்கம் ஒழிந்தது என்பதும் ஒன்றல்ல. யாரிடம் முறையிடலாம் என்பதையும் அப்பொழுதே கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.

பாடங்களைப் பற்றிய கேள்விகளைத் துறை அலுவலகத்திலோ விரிவுரையாளர் ஒருவரிடமோ கேட்கலாம். கலைமாணிப் பட்டம் பொதுவாக மூன்றாண்டு. சிறப்புப் பட்டம் நான்காண்டு. முதலாண்டுப் பெறுபேற்றைக் கொண்டே பெரும்பாலும் சிறப்புக் கற்கைக்குத் தெரிவு நடக்கும். ஆகவே மகள் புவியியலிற் சிறப்புப் பட்டம் விரும்பினால், அதற்கு முதலாண்டில் எந்தப் பாடங்களை எடுத்திருக்கவேண்டும், எவ்வளவு புள்ளி வேண்டும், எத்தனை பேரை எடுப்பர் என்ற மூன்றையும் சேருமுன்னரே அறிதல் வேண்டும். சேர்ந்தபின் அறிந்து அழுதவர் பலர். தமிழோடு பொருளியலைச் சேர்க்கலாமா, வரலாற்றோடு ஒரு கணினிப் பாடத்தை எடுக்கலாமா என்றும் கேட்கவேண்டும். நேரசூசியில் இரண்டும் ஒரே மணிக்கு வந்தால் கைந்நூலில் அனுமதி இருந்தும் நடைமுறையில் இயலாது. வாவிக் கடைத்தெருவில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, நேரசூசியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.

விரிவுரை ஒன்றில் அரைமணி நேரம் உட்கார அனுமதி கிடைத்தால் அதுவே அன்றைய பயணத்தின் பெரும்பேறு. விரிவுரையாளர் சொல்வது விளங்கவேண்டும் என்பதில்லை. மாணவர் யாரேனும் குறுக்கே கேள்வி கேட்கின்றாரா, கேட்டால் விரிவுரையாளர் முகம் மலர்கின்றாரா, சுளிக்கின்றாரா என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு நொடியில் அறிந்துகொள்ளும்.

இனி, தந்தையாரின் நெஞ்சில் உள்ள பெரிய கேள்வி: படித்து முடித்தால் உத்தியோகம் உண்டா? இதற்கு இனிப்பான விடை கூறுதல் நேர்மையன்று. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவிலே பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்ததை ஊர் கண்டது. அவர்களுட் கலைப் பட்டதாரிகள் பலர். தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் சென்றால் பயிற்சி முடிந்ததும் ஆசிரிய நியமனம் எதிர்பார்க்கலாம் என்று உறவினர் சொல்வது பிழையான கணக்கன்று. தங்கை தம்பியர் உள்ள வீட்டில் மூத்த பிள்ளைக்கு அதுவே தக்க வழியாகவும் இருக்கலாம். கலைப்பீடத்துக்குச் செல்லத் துணியும் பிள்ளை கேட்கவேண்டியது, ‘பட்டம் பெற்றால் அரசு என்ன தரும்’ என்பதன்று. ‘இத்துறையிற் சென்ற மூன்றாண்டுகளிற் பட்டம் பெற்றவர்கள் இப்பொழுது என்ன செய்கின்றனர்’ என்பதே. துறைத் தலைவர்க்கு அவ்விடை தெரிந்திருந்தால் அத்துறையில் உயிர் உண்டு. மொழிபெயர்ப்பு, பத்திரிகை, வானொலி, நிர்வாக சேவைப் பரீட்சை, வங்கி, சமூக சேவை நிறுவனங்கள் எனப் பலதிசைகளிற் சென்றவர் பெயர்களைச் சொல்வார். ‘எல்லோரும் நியமனத்துக்குக் காத்திருக்கின்றனர்’ என்ற விடை வந்தால் அதுவும் அறியவேண்டியதே.

கிழக்கில் வேறு வாயில்களும் உண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமான, தெற்கே ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கலை கலாசார பீடம் உள்ளது. களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்தவர்க்கு வந்தாறுமூலையிலும் அது அண்மையானது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு ஆகியவையும் வரிசையில் எழுதப்படலாம். ஒன்றை நேரிற் பார்த்தவருக்கு மற்றவற்றைப் பற்றி என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லா இடத்துக்கும் போகவேண்டியதில்லை. அண்மையில் இருப்பதனால் மட்டும் ஓரிடத்தை முதலில் எழுதுவதும், தூரத்தில் இருப்பதனால் மட்டும் ஓரிடத்தைப் பெரிதென எண்ணுவதும் ஆகிய இரண்டும் இப்பகுதியிலே காணப்படும் பிழைகள். இரண்டாவது பிழை படித்த குடும்பங்களில் மிகுதி.

மாலைக்குள் மண்முனையைக் கடந்து வீடு சேரவேண்டும் என்ற கவலையோடு இருவரும் திரும்புகின்றனர். பஸ்ஸிலேயே அபிப்பிராயம் கேட்பது தந்தையர் வழக்கம், “என்ன மகள், பிடிச்சுதா?” என்றால், “ஓம் அப்பா” என்ற ஒரு விடையே வரும். அன்று ஒன்றும் கேளாது விடுவதே நன்று. இரண்டு நாள் சென்றபின் ஒரு கொப்பித் தாளில், கற்கைநெறியையும் இடத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஏன் அதை அவ்விடத்தில் வைத்தாள் என்பதை ஒரு வரியில் எழுதும்படி மகளிடம் சொல்லலாம். ‘அக்கா அங்கே படித்தாள்’ என்பது காரணமாகாது. ‘அங்கே கூத்தும் ஆங்கிலமும் இரண்டும் படிக்கலாம்’ என்பது காரணம். தந்தையார் அத்தாளை வாசித்து, விளங்காததைக் கேட்கலாம். வரிசையை மாற்றுதல் அவர் வேலையன்று. பெறுபேறு வந்து இசட் புள்ளி தெரிந்தபின், சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிட்டு, எட்டாதவை மேலேயும் எட்டக்கூடியவை கீழேயுமாக அவ்வரிசையைப் படிவத்திற்குக் கொண்டுவந்தால் ஒன்றும் கெடாது. எட்டாததை மேலே எழுதியதற்காக எட்டியது பறிபோவதில்லை.

எதிரில் ஒரு காரணமும் எழுத வராத வரி தாளில் இருந்தால், அவ்விடத்தைப் பற்றி இன்னும் விசாரிக்கவேண்டும் என்பது பொருள். கிழக்குப் பல்கலைக்கழகமே அவ்வாறு வெறுமையாக நின்றால், மறுமுறையும் ஒரு நாள் போய்வரலாம். நகரிலிருந்து வந்தாறுமூலைக்குப் பஸ் கட்டணம் பெரிதன்று.